ஓர் ஒலிக்கோப்பு திறந்துவிட்ட கதவு: செய்தித் தளங்களும் எக்ஸ்.எம்.எல். ஓட்டையும்

2021 ஏப்ரல் 15ஆம் திகதி வேர்ட்பிரஸ் மென்பொருளின் 5.7.1 பதிப்பு வெளியானது. இரண்டு பாதுகாப்புக் குறைகள் திருத்தப்பட்டிருப்பதாக வெளியீட்டுக் குறிப்பு சொன்னது. அவற்றில் ஒன்று, தளத்தின் ஊடக நூலகத்தில், பி.எச்.பி. 8 பயன்படுத்தும் வழங்கிகளில் மட்டும் காணப்பட்ட ஓர் எக்ஸ்.எம்.எல். குறை. பதிவெண் சி.வி.இ-2021-29447. பெரும்பாலான தளங்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. தளத்தை நடத்துபவர்களில் பலர் அப்படி ஒன்று நடந்ததையே அறியவில்லை.

உலக இணையத்தளங்களில் அப்போதே ஏறத்தாழ 40 சதவீதம் வேர்ட்பிரஸில் இயங்கின. தமிழில் செய்தி, கட்டுரை வெளியிடும் சிறிய தளங்களுக்கும் அதுதான் பழகிய கருவி. எனவே அந்தக் குறை என்ன, அது எப்படி வேலை செய்தது, அதிலிருந்து யாழ்ப்பாணத்தில் ஒரு தளத்தை நடத்துபவர் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதை விளங்கிக்கொள்வது தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு மட்டுமான விடயமாக இருக்க முடியாது.

தளத்தின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

வாசகர் பார்ப்பது தளத்தின் முன்பக்கத்தை. பின்பக்கத்தில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. வெளியான கட்டுரைகளுடன் வெளிவராத வரைவுகளும் அங்கேயே கிடக்கின்றன. கருத்து எழுதிய ஒவ்வொருவரின் மின்னஞ்சல் முகவரியையும் ஐ.பி. முகவரியையும் வேர்ட்பிரஸ் சேமித்து வைக்கிறது. 'எம்மைத் தொடர்புகொள்ள' என்ற படிவத்தில் யாரேனும் தகவல் அனுப்பினால், பல செருகுநிரல்கள் அதையும் தரவுத்தளத்திலேயே வைக்கின்றன. புனைபெயரில் எழுதும் ஒருவரின் உண்மையான மின்னஞ்சல், காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாய் நம்பி அனுப்பிய விபரம், காணி அபகரிப்பு பற்றி உள்ளே இருந்து தகவல் தந்த ஓர் உத்தியோகத்தரின் பெயர், எல்லாம் ஒரே அலுமாரியில்.

வடக்கில் இது வெறும் தனியுரிமைப் பிரச்சினை மட்டுமன்று. 2006 மே 2ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2013 ஏப்ரலில் அதே பத்திரிகையின் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. இந்த மண்ணில் யார் தகவல் தந்தார்கள் என்பது வெளியே தெரிந்தால் அதன் விளைவு என்னவாக இருக்கும் என்று எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆயுதம் இல்லாமலும் சத்தம் இல்லாமலும் அதே பட்டியலை எடுத்துவிடக்கூடிய வழிகளில் ஒன்றுதான் இந்த எக்ஸ்.எம்.எல். ஓட்டை.

எக்ஸ்.எம்.எல். என்பது என்ன?

கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் ஓர் எழுத்து வடிவம் அது. எது தலைப்பு, எது திகதி, எது உள்ளடக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அடையாளக் குறி இட்டு எழுதுவார்கள். 1998 பெப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பு இதன் முதல் தரத்தை வெளியிட்டது. செய்தித் தளங்களின் ஆர்.எஸ்.எஸ். ஓடை எக்ஸ்.எம்.எல். தான். நாம் தட்டச்சு செய்து அனுப்பும் வேர்ட் கோப்பின் உள்ளே இருப்பதும் எக்ஸ்.எம்.எல். தான். எஸ்.வி.ஜி. படங்களும் அப்படியே.

இந்த மொழியில் 'என்டிட்டி' என்று ஒரு வசதி உண்டு. சுருக்கெழுத்து மாதிரி. ஆவணத்தின் தொடக்கத்தில், 'யா.பொ.நூ. என்று வந்தால் யாழ்ப்பாணம் பொது நூலகம் என்று வாசிக்கவும்' என அறிவித்துவிட்டால், பிறகு அந்தச் சுருக்கம் வரும் இடமெல்லாம் கணினி முழுப் பெயரைப் போட்டுக்கொள்ளும். இதில் ஆபத்து இல்லை. ஆனால் வசதி அதோடு நிற்கவில்லை. சுருக்கத்தின் பொருள் ஆவணத்துக்கு வெளியிலும் இருக்கலாம் என்று தரம் அனுமதித்தது. 'இந்தச் சுருக்கம் வரும் இடத்தில் கணினியின் இன்ன கோப்பில் உள்ளதைக் கொண்டுவந்து போடு' என்றோ, 'இன்ன இணைய முகவரிக்குப் போய் அங்கே இருப்பதை எடுத்து வா' என்றோ எழுதலாம். இதுதான் வெளி என்டிட்டி.

கச்சேரிக்கு ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'உங்கள் அலுமாரியின் மூன்றாம் தட்டில் இருக்கும் கோப்பின் உள்ளடக்கத்தை இந்த இடத்தில் சேர்த்து வாசிக்கவும்' என்று அதில் எழுதியிருக்கிறது. கடிதம் எழுதியவர் யார், அவருக்கு அந்தக் கோப்பைக் கேட்க உரிமை உண்டா என்று பார்க்காமல், எழுதுவினைஞர் எழுந்து போய்க் கோப்பை எடுத்து வருகிறார். அலுமாரியின் திறப்பு அவரிடம் இருக்கிறது. கடிதம் எழுதியவரிடம் இல்லை. ஆனால் கடிதம் சொன்னபடி அவர் செய்கிறார். எக்ஸ்.எம்.எல். வாசிக்கும் நிரல் இந்த எழுதுவினைஞரைப் போல நடந்துகொண்டால் அதுவே வெளி என்டிட்டி ஓட்டை.

கோப்பு வாசிப்பதைத் தவிர வேறு இரண்டு தீங்குகளும் இதே வசதியிலிருந்து பிறக்கின்றன. ஒன்று, வழங்கியின் பெயரில் அதன் உள் வலையமைப்பிலுள்ள வேறு இயந்திரங்களுக்கு வேண்டுகோள் அனுப்பவைப்பது. வெளியிலிருந்து எட்ட முடியாத ஒரு பக்கத்தை உள்ளே இருக்கும் இயந்திரம் எட்டும். மற்றையது, சுருக்கத்துக்குள் சுருக்கமாக அடுக்குவது. ஒரு சுருக்கம் பத்துத் தடவை விரியும், அதில் ஒவ்வொன்றும் மறுபடி பத்துத் தடவை விரியும் என்று ஒன்பது அடுக்கு எழுதினால், ஒரு கிலோபைட்டுக்கும் குறைந்த கோப்பு நினைவகத்தில் நூறு கோடி சொற்களாகப் பெருகி வழங்கியை முடக்கிவிடும். 'பில்லியன் சிரிப்புகள்' என்று தொழில்நுட்ப உலகம் இதற்குப் பெயர் வைத்தது. இதற்கு வெளிக் கோப்புக்கூடத் தேவையில்லை.

ஒலிக்கோப்புக்குள் எக்ஸ்.எம்.எல். எப்படி வந்தது?

2021இன் ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் சோனார்சோர்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில் வேர்ட்பிரஸ் குழுவுக்கு அறிவித்தார்கள். அது ஒளிந்திருந்த இடம் யாரும் சந்தேகிக்காத இடம்: வேவ் வகை ஒலிக்கோப்பு.

நேர்காணல்களை நல்ல ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்பவர்களுக்கு வேவ் கோப்பு பழக்கமானது. அந்தக் கோப்புக்குள் ஒலியுடன் சேர்த்து, எந்தக் காட்சி, எத்தனையாவது பதிவு, எந்தக் கருவி போன்ற குறிப்புகளையும் வைக்கலாம். ஐ-எக்ஸ்.எம்.எல். என்ற பகுதியில் அந்தக் குறிப்புகள் எக்ஸ்.எம்.எல். வடிவில் எழுதப்படும். ஒரு செய்தியாளர் ஒலிக்கோப்பைத் தளத்தில் ஏற்றியவுடன், அதன் நீளம், தலைப்பு முதலியவற்றை அறிய வேர்ட்பிரஸ் 'கெட்ஐடி3' என்ற துணை நிரலைக் கொண்டு கோப்பைத் திறந்து பார்க்கும். அந்த நிரல் ஐ-எக்ஸ்.எம்.எல். பகுதியையும் வாசிக்கும். வெளியாள் ஒருவர் எழுதிய கடிதம் எழுதுவினைஞரின் மேசைக்கு வந்துசேர்வது அந்தக் கணத்தில்தான்.

முன்பு இதற்கு ஒரு பூட்டு இருந்தது. எக்ஸ்.எம்.எல்.லை வாசிக்கும் முன்பு, வெளிக் கோப்பு எதையும் ஏற்றாதே என்று ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. 2020 நவம்பரில் வெளியான பி.எச்.பி. 8, அந்தக் கட்டளை இனித் தேவையில்லை, அதைக் கைவிடலாம் என்று அறிவித்தது. காரணம் நியாயமானதே. அடியில் இருக்கும் லிப்எக்ஸ்எம்எல் நூலகம் 2012இல் வந்த 2.9.0 பதிப்பிலிருந்து வெளி என்டிட்டிகளைத் தானாக ஏற்றுவதில்லை. எனவே 2020 டிசெம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.6, பி.எச்.பி. 8இல் ஓடும்போது மட்டும் அந்தப் பூட்டைப் போடாமல் விட்டது.

ஆனால் அதே வரிக்குப் பக்கத்தில் இன்னொரு தெரிவு ஏற்கெனவே இருந்தது. அதன் பெயர் 'நோஎன்ட்'. பெயரைப் பார்த்தால் என்டிட்டி வேண்டாம் என்று சொல்வது போலத் தோன்றும். உண்மையில் அது செய்வது நேர் எதிரானது: வாசித்து முடித்த ஆவணத்தில் என்டிட்டி எதுவும் மிஞ்சாதபடி எல்லாவற்றையும் விரித்துப் போடு என்பதே அதன் பொருள். நூலகம் தானாகச் செய்யாததை இந்தத் தெரிவு கேட்டுச் செய்வித்தது. பூட்டு இருந்தவரை தெரிவால் தீங்கு இல்லை. பூட்டு கழன்றதும் கதவு திறந்தது.

இதனால்தான் பி.எச்.பி. 7இல் கிடந்த பழைய வழங்கிகளுக்குப் பாதிப்பு இல்லை. புதியதற்கு மாறியவர்களே சிக்கினார்கள். அப்படியென்றால் பழையதிலேயே இருப்பது நல்லது என்று முடிவெடுத்துவிடக் கூடாது. பி.எச்.பி. 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பருடன் நின்றுவிட்டன. அதற்குப் பின் அதில் எந்த ஓட்டை வெளிப்பட்டாலும் அதை எழுதியவர்கள் அடைத்துத் தரப்போவதில்லை.

எதை எடுக்க முடிந்தது?

இந்த ஓட்டையில், வாசிக்கப்பட்ட கோப்பு திரையில் தெரியாது. அதனால் தாக்குபவர் இன்னொரு சுற்று வழியை நாட வேண்டும். கச்சேரி உவமையில் சொன்னால், 'அந்தக் கோப்பில் உள்ளதை உறையின் மேல் முகவரியாக எழுதி எனக்குத் தபாலில் சேர்' என்று கடிதம் சொல்கிறது. வழங்கி தாக்குபவரின் முகவரிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பும். அந்த முகவரியின் வாலிலேயே கோப்பின் உள்ளடக்கம் குறியாக்கம் செய்யப்பட்டு ஒட்டியிருக்கும்.

எடுக்கப்படக்கூடிய கோப்புகளில் முதலாவது வேர்ட்பிரஸின் கொன்பிக் கோப்பு. தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், உள்நுழைவுக் குக்கிகளைப் பாதுகாக்கும் இரகசியச் சாவிகள் எல்லாம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். தரவுத்தளத்துக்கு வெளியிலிருந்து நேரடியாக நுழைய முடியாதபடி வழங்கி அமைந்திருந்தால், கடவுச்சொல் மட்டும் போதாது. ஆனால் மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பக்கம் பல நேரம் எவரும் திறக்கக்கூடிய இணைய முகவரியில்தான் இருக்கும். அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் ஹோஸ்டிங் கணக்குக்கும் வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் மோசம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தளத்தின் முகப்பை மாற்றி வாசகம் எழுதிவிட்டுப் போகும் தாக்குதல் உடனே கண்ணில் படும். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி இலங்கையின் .எல்.கே. முகவரிகள் சில திசைதிருப்பப்பட்டபோது, கூகுளின் இலங்கை முகவரியைத் திறந்தவர்கள் தோட்டத் தொழிலாளரின் சம்பளம், ஊடக சுதந்திரம் பற்றிய வாசகங்களைக் கண்டார்கள். அன்றே செய்தியானது. அது வேறு வகைத் தாக்குதல். கோப்பை வாசித்துவிட்டுப் போகும் தாக்குதலில் தளம் நேற்றுப் போலவே இன்றும் இருக்கும். ஒரு எழுத்தும் மாறாது. ஊடக நூலகத்தில் ஓர் ஒலிக்கோப்பு கூடியிருக்கலாம், அவ்வளவுதான்.

யார் செய்ய முடியும்?

இந்த ஓட்டையைப் பயன்படுத்தத் தளத்தில் கோப்பு ஏற்றும் உரிமை வேண்டும். வேர்ட்பிரஸில் அந்த உரிமை 'ஓதர்' நிலையிலிருந்து தொடங்குகிறது. அதற்குக் கீழுள்ள 'கொன்ட்ரிபியூட்டர்' எழுதி அனுப்பலாம், கோப்பு ஏற்ற முடியாது. ஆகவே இணையத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் செய்யக்கூடிய காரியம் இல்லை. நிபுணர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

சிறிய செய்தித் தளத்துக்கு அது அவ்வளவு ஆறுதலாக இராது. ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் இருப்பார். செய்தியாளர் ஒருவர் முல்லைத்தீவில், இன்னொருவர் மன்னாரில். ஹோஸ்டிங் கட்டணத்தைக் கட்டுபவர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் நண்பர். ஒவ்வொருவரும் படத்தைத் தாமே ஏற்றட்டும் என்று எல்லோருக்கும் ஓதர் கணக்கு கொடுத்துவிடுவது வழமை. மூன்று வருடத்துக்கு முன் விலகியவரின் கணக்கு அப்படியே கிடக்கும். அவசரத்துக்கு இருவர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கணக்குகளில் ஒன்றின் கடவுச்சொல் வேறு எங்காவது கசிந்திருந்தால் போதும். தாக்குபவர் உங்கள் செய்தியாளராக உள்ளே வருவார்.

இது முதல் தடவை இல்லை

பிரேசில் நாட்டு ஆய்வாளர் ரெஜினால்டோ சில்வா 2012இல் ட்ரூபல் என்ற இன்னொரு வெளியீட்டு மென்பொருளின் ஓபன்ஐடி பகுதியில் இதே வகை ஓட்டையைக் கண்டுபிடித்தார். அந்த ஒக்டோபரில் ட்ரூபல் 7.16 அதைத் திருத்தியது. அடுத்த ஆண்டு அதே ஓட்டை பேஸ்புக்கின் வழங்கியிலும் இருப்பதைக் கண்டு அறிவித்தார். பேஸ்புக் அவருக்கு 33,500 டொலர் கொடுத்தது. அதுவரை அந்நிறுவனம் வழங்கிய வெகுமதிகளில் அதுவே மிகப் பெரியது. 2014 ஓகஸ்டில் எக்ஸ்.எம்.எல். விரிவாக்கத்தால் வழங்கியை முடக்கும் ஒரு குறை வேர்ட்பிரஸ், ட்ரூபல் இரண்டிலும் இருப்பது தெரியவந்தது. போட்டியாளர்களான இரு குழுக்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் திருத்தத்தை வெளியிட்டன. 2017இல் ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட பத்துப் பெரிய இணைய ஆபத்துகளின் பட்டியலில் வெளி என்டிட்டிக்கு நான்காம் இடம்.

2021இன் திருத்தம் எளிமையானது. கைவிடப்பட்ட பூட்டை வேர்ட்பிரஸ் குழு பி.எச்.பி. 8க்கும் மறுபடி போட்டது. அதே நாளில் 4.7 வரையிலான பழைய பதிப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் போயின. 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக நிறுவப்படும் வசதி வேர்ட்பிரஸில் உண்டு. அந்த வசதியை யாரும் நிறுத்தாமல் விட்ட தளங்கள் பெரும்பாலும் தாமாகவே தப்பின. 'அப்டேட் செய்தால் தளம் குழம்பிவிடும்' என்று நிறுத்தி வைத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திராது.

புதுப்பிக்காமல் விடுவதன் விலையை இலங்கை அரசாங்கமே 2023இல் கொடுத்தது. அரசின் மின்னஞ்சல் சேவை பழைய எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. ஓகஸ்டில் கப்பம் கோரும் தீம்பொருள் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. தனியாக எடுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. தாக்குதல் வேறு வகை, பாடம் ஒன்று.

இன்றே செய்யக்கூடியவை

சிறிய தளம் ஒன்றுக்குத் தனியான பாதுகாப்பு நிபுணர் இருக்கப்போவதில்லை. ஒரு பின்னேரம் ஒதுக்கினால் செய்து முடிக்கக்கூடியவை இவை:

• தன்னியக்கப் புதுப்பிப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தின் 'சைட் ஹெல்த்' பகுதி அதையும் பி.எச்.பி. பதிப்பையும் காட்டும். செருகுநிரல்களையும் தோற்றத் தீமையும் தனியாகப் பாருங்கள்.

• பயனர் பட்டியலைத் திறந்து, விலகியவர்களின் கணக்கை நீக்குங்கள். நீக்கும்போது அவர்களின் கட்டுரைகளை வேறொரு பெயருக்கு மாற்றலாமா என்று மென்பொருள் கேட்கும். அவசரப்பட்டுக் கட்டுரைகளை அழித்துவிடாதீர்கள்.

• எழுதி மட்டும் அனுப்புபவருக்குக் கொன்ட்ரிபியூட்டர் நிலை போதும். படத்தை மின்னஞ்சலில் பெற்று ஆசிரியர் பீடம் ஏற்றலாம். வேலை கொஞ்சம் கூடும்.

• கோப்பு ஏற்றும் உரிமை உள்ள எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் வேறெங்கும் பயன்படாததாக இருக்கட்டும்.

• எஸ்.வி.ஜி. படம் ஏற்றும் வசதியை வேர்ட்பிரஸ் தானாகத் தருவதில்லை. அதுவும் எக்ஸ்.எம்.எல். என்பதால் ஆபத்து உண்டு. அழகுக்காக ஒரு செருகுநிரலை நிறுவி அதைத் திறந்துவிடாதீர்கள்.

• வழங்கிக்கு வெளியே, வேறோர் இடத்தில், வாராவாரம் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

• தொடர்புப் படிவத்தில் வரும் தகவல்களை வாசித்தவுடன் தளத்திலிருந்து அழியுங்கள். பழைய கருத்துகளோடு கிடக்கும் ஐ.பி. முகவரிகளை நீக்குங்கள். இல்லாத ஒன்றை யாராலும் திருட முடியாது.

கசிவு நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் மென்பொருளைப் புதுப்பிப்பது மட்டும் போதாது. புதுப்பித்த பின், தரவுத்தளக் கடவுச்சொல்லையும் கொன்பிக் கோப்பிலுள்ள இரகசியச் சாவிகளையும் மாற்ற வேண்டும். சாவியை மாற்றினால் எல்லோரும் ஒருமுறை வெளியேற்றப்படுவார்கள், பயப்படத் தேவையில்லை. வழங்கியின் பதிவேடுகளை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் உடனே கேட்டு வாங்குங்கள். அவை பல இடங்களில் சில நாட்களுக்கு மேல் வைக்கப்படுவதில்லை. தகவல் தந்தவர்களில் யாருக்கேனும் ஆபத்து இருக்கக்கூடும் என்றால் அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உதவிக்கு இலங்கை கணினி அவசர பதிலளிப்பு அணி உண்டு. அது 2006இல் தொடங்கப்பட்ட அரச அமைப்பு. தகவல் மூலங்களைக் காக்க வேண்டிய ஓர் ஊடகவியலாளர், தனது தரவுத்தளத்தை அரச அமைப்பொன்றிடம் காட்டத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஊடகவியலாளர்களுக்கும் சிவில் சமூகத்துக்குமாக அக்செஸ் நவ் என்ற சர்வதேச அமைப்பு 24 மணிநேர டிஜிட்டல் பாதுகாப்பு உதவிச் சேவையை இலவசமாக நடத்துகிறது. தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் எழுதலாம்.

குடாநாட்டில் மென்பொருள் எழுதிப் பழகும் இளைஞர்களுக்கும் ஒன்று. வெளியிலிருந்து வரும் எக்ஸ்.எம்.எல்.லை வாசிக்கும் நிரல் எழுதும்போது, என்டிட்டி அறிவிப்பு உள்ள ஆவணத்தை முழுதாக மறுப்பதே பாதுகாப்பானது. நோஎன்ட் போன்ற தெரிவுகளின் பெயரை நம்பாமல் கையேட்டை வாசியுங்கள். ஓட்டையைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தால் சொந்தக் கணினியில் பழைய பதிப்பை நிறுவிச் சோதியுங்கள். பிறருடைய தளத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். நோக்கம் நல்லது என்று சொல்லித் தப்ப முடியாது.

பி.எச்.பி. பதிப்பும் பயனர் பட்டியலும் ஓர் ஆசிரியர் பீடத்தின் வேலை இல்லை என்று இதுவரை நினைத்திருக்கலாம். நம்பித் தகவல் தந்தவரின் பெயரைக் காப்பது ஆசிரியர் பீடத்தின் வேலைதான். அந்தப் பெயர் இன்று இருப்பது அந்தத் தரவுத்தளத்தில்.